மருமகனின் நாக்கும் டீச்சரின் தகரப் பெட்டியும்

என் மருமகனுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. மருமகன் என்றால் என் அக்காவின் ஒரே பிள்ளை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு காம்பரா அறைகளில் அவர்களும் நாங்களும் குடியிருந்தோம். பசித்தால் ஒரு கத்தல், கோபம் வந்தால் இன்னொரு கத்தல், நடுவில் "ஆ", "பா" என்று இரண்டு சத்தம். அவ்வளவுதான் அவன் பாஷை.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாமிக்குறை என்றார்கள். திமிர் என்றார்கள். நான் மச்சானைக் காட்டி, "இவரு யூனியன் கூட்டத்துல பேசிப் பேசியே குடும்பத்துப் பேச்சையெல்லாம் தீத்துட்டாரு. புள்ளைக்கு என்னத்த மிச்சம் வச்சாரு?" என்பேன். மச்சானும் சேர்ந்து சிரிப்பார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, ஆனால் வாய் மட்டும் விடவில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தைமாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தன் பேரைக் கேட்டால் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் சேர்ப்பேன் என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவிலும் ஐந்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் இவனை யார் பார்ப்பது? கடைவீதியில் ஒரு வைத்தியர் இருந்தார். அவர் இவன் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நாக்குக்கு அடியில நரம்பு கட்டிக்கிட்டு இருக்கு. ஞாயித்துக்கெழம காலையில கூட்டிட்டு வாம்மா. ஒரே வெட்டு. மறுநாளே அம்மான்னு கூப்புடுவான்" என்று சொல்லியிருந்தார். அக்கா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் ஹட்டனிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வந்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பேச்சு திருந்தாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கண்டியில் மூன்று வாரம் பழகிவிட்டு, ஒரு பிஸ்கட் தகரத்தோடு வந்து இறங்கியிருந்தார். வயது என் வயதுதான் இருக்கும்.

எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த வாரம் காலை முறை. இரண்டு மணிக்கு மேல் வெட்டியாகத் திரிகிறவன், மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டு டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், டீச்சரைக் கிண்டல் பண்ணத்தான் போனேன்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கோழி இறகு, பத்துப் பன்னிரண்டு தீப்பெட்டி, ஒரு கட்டுப் படம்.

"டீச்சர், கோழியை நீங்க சாப்புட்டுட்டு எறகை மட்டும் புள்ளைங்களுக்குக் கொண்டாந்தீங்களா?"

"ஆமா. அதுவும் ஒங்கள மாதிரியே கொக்கரிச்சிக்கிட்டு இருந்துச்சு. அதான் வெட்டிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

இறகை வாய்க்கு முன்னால் பிடித்து "பா" என்றால் அது ஆடும். "மா" என்றால் ஆடாது, அதற்குப் பதிலாக மூக்கில் விரலை வைத்தால் உள்ளே வண்டு மாதிரி அதிரும். கண்ணாடியில் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் செய்தார்கள். தீப்பெட்டிகள் சோடி சோடியானவை. இரண்டில் அரிசி, இரண்டில் மணல், இரண்டில் சின்னக் கல். குலுக்கிப் பார்த்து, ஒரே சத்தம் உள்ள இரண்டைச் சேர்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை, எல்லாம் அடுப்படியில் கிடைக்கிற சாமான்.

படங்கள்தான் கண்டியில் கொடுத்தவை. ஒட்டகச்சிவிங்கி, ஐஸ்கிரீம், கப்பல். கப்பலைக் காட்டினால் ஒரு சின்னப்பிள்ளை, "சித்தப்பா" என்றாள். டீச்சர் கொப்பியில் தப்புக் குறி போட்டார்.

"அத அழிங்க டீச்சர்," என்றேன். "அவ சித்தப்பா குடும்பம் போன மாசம்தான் கப்பலேறி இந்தியாவுக்குப் போனாங்க. கப்பல்னா அவளுக்குச் சித்தப்பாதான்."

டீச்சர் அந்தக் குறியை அழித்தார். அன்றைக்கே ஒட்டகச்சிவிங்கியைத் திருப்பி, பின்பக்கத்தில் என்னைக் கொழுந்துக்கூடை வரையச் சொன்னார். தராசு, ரொட்டி, கம்பளி எல்லாம் வரைந்தேன். என் ரொட்டியைப் பார்த்து ஒருவன் அட்டைப்பூச்சி என்றான். அதை மட்டும் டீச்சர் திருத்தி வரைந்தார்.

"இவனுக்கு ஞாயித்துக்கெழம நாக்கு வெட்டுறோம்," என்று மருமகனை முன்னால் நிறுத்தினேன்.

டீச்சர் முகம் மாறியது. "நாக்க வெட்டுறதா? காதப் பாத்தீங்களா?"

"காதா? இவனுக்கா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "காலையில வேலைக்குக் கூப்புடுற பெரட்டுத் தப்பு அடிச்சா வீட்டோட சேந்து டக்குன்னு எந்திரிச்சிருவான். திருவிழாவுல தப்புக்காரருக்குப் பக்கத்துல நின்னு ஆட்டம் போடுவான். நான் என்ன வேலை சொன்னாலும் செய்வான். மத்தவங்க சொன்னாத்தான் செய்ய மாட்டான். அது திமிரு டீச்சர், எங்க வம்சம்."

"சரி. ஏதாச்சும் வேலை சொல்லுங்க."

"டேய், போய் அந்தக் கதவைச் சாத்து," என்றேன். ஓடிப்போய்ச் சாத்தினான். நான் ஜெயித்த மாதிரி டீச்சரைப் பார்த்தேன்.

"இப்ப ரெண்டு கையையும் பின்னால கட்டுங்க."

"கட்டிட்டேன். மோதிரம் போடப் போறீங்களா?"

டீச்சர் படம் இருந்த மட்டை ஒன்றை எடுத்து என் மூக்குக்குக் கீழே, வாயை மறைத்துப் பிடித்தார். "இப்பச் சொல்லுங்க."

"டேய், கதவைத் தொற."

மருமகன் நின்றான். மறுபடி சொன்னேன். மூன்றாம் தரம் கத்தியே விட்டேன், பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவன் மட்டும் அசையவில்லை. பிறகு அவன் செய்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மெதுவாக வந்து, கழுத்தைச் சாய்த்து, அந்த மட்டைக்குப் பின்னால் என் வாயைத் தேடினான்.

டீச்சர் நாலு கல்லைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு, அவனுக்குப் பின்னால் போய் அவன் காதோரம் குலுக்கினார். அத்தனை பிள்ளைகளும் கண்ணை இறுக்கினார்கள். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஸ்டோரில் அரைக்கிற மெசின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. வாயைப் பெரிசாகத் திறந்து, கையைக் காட்டித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் நான் அப்படித்தான் பேசுவேன். என் பேச்சு அவனுக்குப் புரிந்தது அதனால்தான். பாசத்தினாலும் இல்லை, திமிராலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூனை மாதிரிப் பின்னால் போய், அவன் காதில் "பே!" என்று கத்துவது எனக்கு விளையாட்டு. மற்றப் பிள்ளைகள் அலறி விழும். இவன் திரும்பக்கூட மாட்டான். "பாத்தீங்களா, என் மருமகன் சிங்கம். எதுக்கும் பயப்பட மாட்டான்," என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டு வருஷமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அக்கா நம்பவில்லை. "ஒனக்கு எல்லாமே வெளாட்டுத்தானாடா? எம்புள்ளையச் செவிடுங்கிறியே, வாய் அழுகிப் போகும். நாளன்னைக்கு நாக்க வெட்டுனா எல்லாம் சரியாயிரும்." ஊரையெல்லாம் கிண்டல் பண்ணித் திரிந்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் சனிக்கிழமை கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் டீச்சரையே லயத்துக்கு அழைத்து வந்தேன்.

"தப்ப அடிக்கச் சொல்லுங்க. அப்பப் பாருங்க," என்றாள் அக்கா.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. தப்புக்கார அண்ணன் வந்தார். வாசலில் அவனுக்குப் பக்கத்தில் நின்று ஓர் அடி. மருமகன் துள்ளித் திரும்பி, வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"பாத்தியாடா! பாத்தீங்களா டீச்சர்!" அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர்.

"அவன் எதத் தடவுறான்னு பாருங்க," என்றார் டீச்சர் மெதுவாக. "சத்தம் அவனுக்கு வயித்துல அதிருதுங்க. கொஞ்சம் தள்ளிப் போய் அடிக்கச் சொல்லுங்க."

தரையின் அதிர்வு அவன் உடம்பில் ஏறாமலிருக்க, மரக்கறித் தோட்டத்து மேட்டில் புல்லின் மேல் நாலைந்து சாக்கை மடித்துப் போட்டு, சோடா மூடிகளைக் கொடுத்து அவனை உட்கார வைத்தேன். அண்ணன் அவன் முதுகுப் பக்கம் முப்பது அடி தள்ளிப் போனார். லயத்துச் சனம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று முன்னால் வந்து நின்றுவிட்டது.

தப்பு விழுந்தது. அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்து அவனும் திரும்பினான்.

"திரும்பிட்டான், திரும்பிட்டான்!" என்று கை தட்டினார்கள்.

"அவன் ஒங்க மொகத்தப் பாத்துத் திரும்புறான்," என்றார் டீச்சர். "யாரும் அசையக் கூடாது."

மறுபடி அடித்தார். மறுபடி நாலு பேர் திரும்பினார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் இந்தச் சத்தம் கேட்டுத்தான் இவர்கள் அத்தனை பேரும் எழுகிறார்கள். கேட்டும் சும்மா நில் என்றால் எப்படி நிற்பார்கள்? எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"மலையில வேலை வாங்குற கண்டாக்கு ஐயா முன்னாடி மட்டும் எப்புடி நிக்கிறீங்க? இன்னைக்குச் சம்பளத்துல பேரு வெட்டப் போறாருன்னு நெனச்சிக்கிட்டு நில்லுங்க!"

அது வேலை செய்தது. மரம் மாதிரி நின்றார்கள்.

மூன்றாம் தரம் தப்பு விழுந்தது. மருமகன் ஒரு மூடியின் மேல் இன்னொரு மூடியை வைத்தான். அண்ணன் விடாமல் அடித்தார். கீழ் லயத்து நாய் குரைத்தது. இவன் மூன்றாவது மூடியை வைத்தான். அண்ணனுக்கே பொறுக்கவில்லை போல, கல்யாணத்துக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தார். நாலாவது மூடியையும் வைத்தான். அடித்துக்கொண்டிருந்த கை தானாக நின்றது.

மச்சான், கூட்டத்தில் அவ்வளவு பேசுகிற மனுசன், தலைப்பாகையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். மருமகன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, மூடிகளைத் தட்டிவிட்டு வீரிட்டு அழுதான்.

அக்கா டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அப்ப நான் இத்தன நாளு அவனத் திட்டுனது ஒண்ணும் அவனுக்குக் கேக்கலையா டீச்சர்?"

"கேட்டிருக்காதுங்க அக்கா." என்றார் டீச்சர். "ஒங்க மொகம் தெரிஞ்சிருக்கும்."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் அக்கா தாங்கியிருப்பாள். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனார். கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்க வேண்டும். அதுவரைக்கும் பேசும்போது அவன் உயரத்துக்குக் குனிய வேண்டும். வெளிச்சம் நம் முகத்தில் விழ வேண்டும், அவன் கண்ணில் அல்ல. ஒரு நாளைக்கு ஒரே சொல்லை, அந்தச் சாமானைக் கையில் கொடுத்தே சொல்ல வேண்டும். பெரிய வாத்தியாரிடம் தானே பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். அக்கா தலையாட்டினாளே தவிர, எதுவும் உள்ளே போன மாதிரி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பயம். சொல்லி வைத்தாயிற்று, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிடுவாளோ என்று அவர்கள் வாசலில் போய் நின்றேன். கடைவீதிக்குப் போகிற பஸ் மேல் வளைவில் வந்துகொண்டிருந்தது. அக்கா வெயில் தன் முகத்தில் விழும்படி படியில் உட்கார்ந்திருந்தாள். மருமகன் அவளுக்கு முன்னால் நின்றான். அக்காவுக்கு ராத்திரியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே அவனிடம், "நாசமாப் போறவனே, பாலை ஊத்திட்டியே, ஒன்ன எந்தச் சனியன்டா பெத்துச்சு?" என்றாள். வாயைப் பெரிசாகத் திறந்து, நிதானமாக, கொஞ்சுகிற மாதிரி.

பக்கத்துக் காம்பராக்காரி வெளியே வந்து மிரண்டுபோனாள். "ஐயோ, ஒங்க அக்காவுக்கு என்னடா ஆச்சு?"

"சும்மா இருங்க அத்த," என்றேன்.

பஸ் வந்து நின்றது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொட்டிய பால் படியில் ஓட, அவன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் உதட்டில் விரலை வைத்து, மறுபடி திட்டச் சொல்லிக் காத்திருந்தான்.