மணி அடித்தால் அடைக்கும் நெஞ்சு

எலிக்காரர் என்று கேட்டால்தான் தெருவில் அவர் வீட்டைக் காட்டுவார்கள். எலி பிடிக்கிறவர் இல்லை, எலிக்குச் சோறு போடுகிறவர். ஆராய்ச்சிக் கூடத்து மேல்மாடியில் நீளமாக ஓர் அறை. சுவரோரம் அடுக்கடுக்காய்ப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி மரத்தூள், அதன்மேல் வெள்ளெலிகள். பழைய தூளை வாரிக் கொட்டிப் பெட்டியைக் கழுவி, புதுத்தூள் போட்டு எலியைத் திரும்ப விடவேண்டும். கேட்கிறவனுக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் எலி மூத்திரம் தூளிலேயே காய்ந்து, வாரும்போது மாவு போல எழும்பும். மூக்கு வழியாக நுழைந்து நெஞ்சில் குடித்தனமே நடத்தும்.

முதலில் தும்மல் வந்தது. அப்புறம் கண் அரித்தது. அப்புறம் மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில்.

"ஏங்க, பூனைக்குட்டி எதையாவது முழுங்கி வச்சிருக்கீங்களா? உள்ள ஓயாம கத்துதே" என்றாள் மனைவி.

"அத்தனை எலிக்கு ஒரு பூனையாவது வேணாமா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். எலி வளர்த்தவனுக்கு இந்த வயசுல எவன்டி வேலை குடுப்பான்? புலி வளர்த்திருந்தாலும் சர்க்கஸுக்குப் போகலாம்."

வருடா வருடம் வேலையாட்கள் எல்லோரும் கூடத்து டாக்டரிடம் குழாயில் மூச்சை ஊதிக் காட்டவேண்டும். விடுமுறை முடிந்து வருகிற காலையாகப் பார்த்து இவர் முதல் ஆளாகப் போய் நிற்பார். தூள் படாமல் கிடந்த நெஞ்சு அன்றைக்குக் கொஞ்சம் திறந்திருக்கும். ஊதிவிட்டு வந்து டாக்டரையே ஏமாற்றிய பெருமையில் மீசையைத் தடவிக்கொள்வார். ஏமாந்தது யார் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர் ஒரு பெண். எல்லோருக்கும் மேடம். பக்கத்துச் சிற்றறையில் மணி அடித்து, அடித்த கையோடு எலியின் காலில் லேசாகக் கரண்ட் வைப்பார். சில நாளில் கரண்டே வேண்டாம், மணி அடித்தாலே எலி பயத்தில் அசையாமல் கல்லாகிவிடும்.

"மூளைக்குள்ள ஒரு நரம்பும் இன்னொரு நரம்பும் சேர்ற இடம் இருக்குண்ணா. திரும்பத் திரும்ப ஒண்ணு நடந்தா அந்தப் பிடி இறுகிடும். பயம் அங்கதான் உக்காந்துக்குது" என்று ஒருமுறை எலிக்காரருக்கு விளக்கினார்.

அப்படிக் கல்லாகி வருகிற எலியை இவர் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வார். முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல ராசா, ஒண்ணுமில்ல" என்பார். கொஞ்ச நேரத்தில் அது கண்ணைத் திறந்து விரலை முகரும்.

காலையில் இவர் தூள் வாருகிற நேரமும் அங்கே மணி அடிக்கிற நேரமும் ஒன்றுதான். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

வார முடிவில் ஒருநாள் பெட்டியும் கையுமாக அறையிலேயே சரிந்துவிட்டார். மேடம்தான் கைத்தாங்கலாகக் கீழே டாக்டரிடம் கொண்டுபோனார். ஊதச் சொன்னார்கள். கருவியின் முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

"என்னப்பா, போன தடவை நல்லா ஊதினியே?" டாக்டர் அவரையே பார்த்தார். "உனக்கு எலித்தூசி ஆகாது. வேலையை விட்டுடு."

"வேற எதுனா குடுங்க சார். கூட்டுறேன், கழுவுறேன்."

"காலியிடம் இல்லப்பா."

மேடம் குறுக்கே பேசி, காற்றை வடிகட்டித் தருகிற பெரிய முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தார். உடம்பு தேறி வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்து காட்டவேண்டும், முடியாவிட்டால் கிளம்பவேண்டும் என்பது டாக்டரின் முடிவு.

முகமூடியோடு அவர் திரும்ப வேலைக்குக் கிளம்பிய காலை, மனைவி வாசல்வரை வந்தாள். "முடியலன்னா திரும்பி வந்துடுங்க. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்." அவர் முகமூடியை இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

மேல்மாடிக்கு வந்து முகமூடியை மாட்டிக்கொண்டார். எலி அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. கைப்பிடியில் கை வைத்தார். சிற்றறையில் மணி அடித்தது. யாரோ கயிறு போட்டு இழுத்தாற்போல நெஞ்சு அடைத்துக்கொண்டது. முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சுவரைப் பிடித்தார்.

மேடம் ஓடி வந்து முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையும் இல்லை, இடைவெளியும் இல்லை. "இங்க தூசியே இல்லையேண்ணா" என்றவர் சட்டென்று நிறுத்தி, சிற்றறைப் பக்கம் திரும்பினார். "காலையில நீங்க தூள் வாரும்போதெல்லாம் இந்த மணி அடிச்சிருக்கே!"

அவருக்கும் விளங்கிவிட்டது. மூச்சு கொஞ்சம் திரும்பியதும் கேட்டார்.

"எலி இதை எப்ப மறக்கும் மேடம்?"

"மறக்காதுண்ணா. மணி அடிச்சும் ஒண்ணும் ஆகலன்னா, ஒண்ணும் ஆகலங்கிறதைப் புதுசாக் கத்துக்கும். பழசு அடியில கிடக்கும்."

"அப்ப நானும் கத்துக்கறேன். அடிங்க."

"விளையாடாதீங்க. உங்க நுரையீரல் நிஜமாவே கெட்டிருக்கு. வீட்டுக்குப் போங்கண்ணா."

அவர் போகவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு சிற்றறைக்குள் நுழைந்தார். துடைத்துவிட்டாற்போல இருந்தது அறை, ஒரு பொட்டுத் தூள் கிடையாது. பொத்தானை அமுக்கினார். மணி அடித்தது, நெஞ்சு அடைத்தது. மேசையில் குப்புறக் கவிழ்ந்து கிடந்து, அடைப்பு விட்டதும் மறுபடி அமுக்கினார். மறுபடியும் அடைத்தது. கண்ணில் நீர் கொட்டியது. எலிகளைத் தடவுகிற அதே கையால் தன் நெஞ்சைத் தடவினார்.

"ஒண்ணுமில்ல ராசா, ஒண்ணுமில்ல."

நெஞ்சு நம்பவில்லை. அவர் விரல் மறுபடியும் பொத்தானைத் தேடியது.