போர்வைக்குள் ஒரு பேரம்

என்னைப் பெற்ற அத்தாவின் இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். பசுமலைப் பக்கமிருந்த அந்த முதியோர் விடுதியின் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். இதைப் பார்க்கவா கொண்டுவந்து விட்டோம்?

அவருக்கு வந்தது டிமென்ஷியா (முதுமையில் மூளை தளர்ந்து நினைவும் புத்தியும் கலைந்துபோகும் நோய்). தொழுதுவிட்டு வந்தவர், இன்னும் தொழவில்லையே என்று மறுபடி ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்யப் போவார். வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். பிறகு சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, வில்லாபுரத்தில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே நின்றார். இதற்கு மருந்தில்லை என்று டாக்டர் கையை விரித்தார். என்னைக் கட்டிய மாப்பிள்ளை வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவர். கைக்குழந்தையோடு என்னால் முடியவில்லை, விடுதியில் சேர்த்தோம். சொந்தக்காரர்கள் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வார்டைப் பார்த்துக்கொண்ட ரூபி நர்ஸம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அந்தப் பெண் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கஞ்சி ஊட்டப் போனா கையைப் பிடிச்சுப் போர்வைக்குள்ள இழுக்குறாரு. ஆயா கிட்டக்கயே போக மாட்டேங்குது. எல்லாரும் ஒரு மாதிரியாப் பேசுறாக."

இப்படியே போனால் அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னாள். எனக்குக் காது கூசியது. ஊரில் ஒரு பொம்பளையை நிமிர்ந்து பார்க்காத மனிதர் அவர். கையைப் பிடித்து என்னதான் செய்கிறார் என்று கேட்டேன்.

"விரலை ஒண்ணு ஒண்ணா அமுக்குறாரு. அமுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தா மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலை அமுக்கித்தான் பேரம் பேசுவார்கள். விலை படிந்த பிறகே கையை விடுவார்கள்.

"நர்ஸம்மா, அவரு ஒங்ககிட்ட மாடு விக்கிறாரு" என்றேன்.

அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். பிறகு கட்டை அவிழ்த்து, தடம் விழுந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

அடுத்த முறை போனபோது அவள் இடக்கை துண்டுக்குள் இருந்தது. அத்தா அமுக்க, "வெல கட்டாது பாய்" என்று அவள் தலையாட்ட, அவர் கோபித்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். இதற்கிடையே வலக்கைக் கரண்டியால் கஞ்சி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆயா வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கும் வயிறு குளிர்ந்தது. இந்த நோய் வந்தவரை விடுதியில் விடுகிறவர்கள், மருந்தைச் சொல்வதோடு அவர் செய்த தொழிலையும் சொல்லிவிடுங்கள்.

நோய் குணமாகவில்லை. என்னையும் மறந்தார். கடைசியில் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. ஓர் அஸர் வேளையில் (பிற்பகல் தொழுகை நேரம்) அவர் கை போர்வைமேல் எதையோ தேடியது. துண்டைப் போட்டு என் வலக்கையைக் கொடுத்தேன். மெல்ல அமுக்கினார்.

"சரின்னு சொல்லிருங்கம்மா. நிம்மதியாப் போகட்டும்" என்றாள் ரூபி.

சரி என்றால் கையை விட்டுவிடுவாரே. "கட்டாது அத்தா" என்றேன். அவர் மறுபடி அமுக்கினார். மறுபடியும் கட்டாது என்றேன். அந்த விரல்களில் சூடு இருந்தவரை நான் படியவே இல்லை.

இப்போதும் அஸர் வேளையானால் என் வலக்கை தானாக முந்தானைக்குள் போய்விடுகிறது. விலை இன்னும் படியவில்லை.