அடித்த வரிக்குப் பக்கத்தில்

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் இங்கிலாந்தில் என்று நடக்கும் சட்டப் படிப்பில் சேர ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். சிங்கப்பூர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சீருடையோடு நேரே வந்திருந்தார்.

மற்றவர்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். அவரோ முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து முணுமுணுத்துப் படித்தார். பின்னால் வரிசை நீண்டது.

"எல்லாரும் சும்மா கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க லா, அக்கா."

"சட்டம் படிக்க வந்தவள படிக்காம கையெழுத்துப் போடச் சொல்றீங்களே, தம்பி!"

ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் இடம் தராவிட்டால் கல்லூரி பொறுப்பில்லை என்றது அந்த வரி. அதைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இப்படி அடிச்சா மேல ஏத்துக்க மாட்டாங்க."

"ஏன்னு எழுதிக் குடுக்கட்டும். சாட்சி நீங்கதானே? நீங்களும் இங்க போடுங்க. இதுக்கு முன்ன இதப் படிச்சிருக்கீங்களா?"

இல்லை. ஆறு வருடமாக எத்தனையோ படிவங்களில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வரியை அன்றுதான் பார்த்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழேயே என்னுடையதையும் போட்டேன்.

மாலையில் மேலாளர் படிவத்தை மேசைமேல் வீசினார். "அலமாக்! என்னன்னு பார்க்காமயா கையெழுத்துப் போட்டீங்க?"

"இத மட்டுந்தான் சார் படிச்சிட்டுப் போட்டேன்."