அக்கரப்பத்தனைத் தோட்டக் கோயிலில் நான் வாசித்த அட்டவணை

எங்கள் சபை இளைஞர்கள் சிலர் இந்த ஆகஸ்டில் தோட்டங்களுக்கு ஊழியப் பயிற்சிக்குப் போகிறார்களாம். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று எழுதித் தரச் சொன்னார்கள். பாதையைச் சொல்லக் கொஞ்ச நேரம் போதும். மிச்சத்தையும் வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நான் போனது 1961 ஆகஸ்டில். எனக்கு இருபத்திரண்டு வயது, ஊர் யாழ்ப்பாணம். ஆங்கிலிக்கன் குருவாகப் பயிலும் இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுமுறையில் நான்கு வாரம் ஏதாவது ஒரு சபையில் வேலை பழக வேண்டும் என்பது விதி. எனக்கு வாய்த்தது அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். திருச்சபைச் சட்டப் பாடத்தில் வகுப்பில் நான்தான் முதல். அந்தத் தலைக்கனமும் பெட்டியோடு கூடவே வந்தது.

பேராதனையில் காலை பத்தரைக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, இரண்டு ரூபாய் பத்துச் சதம். தலவாக்கலையில் இறங்கும்போது மூன்று மணி. அங்கிருந்து அக்கரப்பத்தனைக்குப் பதினைந்து மைல், பேருந்தில் அறுபது சதம். என் வெள்ளை அங்கியைப் பார்த்த நடத்துநர், "தொரமாரு கோயிலுக்கா, நம்ம கோயிலுக்காங்க?" என்று கேட்டார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு அங்கே தனிக் கோயில். நம்ம கோயிலுக்கு என்றேன். "அப்ப கடைசியில எறங்கி ரெண்டு மைலு ஏறணும். மழைக்கு முந்தி நடந்துருங்க." மழை முந்திக்கொண்டது. கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

தங்கியது மாசிலாமணி உபதேசியார் வீட்டில். குருவானவர் நகரத்திலிருந்து மாதம் ஒரு தரம்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது உபதேசியார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதும் அவரே. அவர் மனைவி சலோமி அம்மா, நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்து முதல் நாளே தன் கம்பளியைக் கொடுத்துவிட்டார். அவர்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம்.

வேலை சுலபமாகத்தான் தொடங்கியது. சாமுவேல், செல்வமணி என்ற இருவருக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் முறைப்படி மூன்று ஞாயிறு தொடர்ந்து அதைக் கோயிலில் அறிவித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். இரண்டு ஞாயிறு நானே அறிவித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வியாழன் பெண் வீட்டுக்குப் போனேன். செல்வமணியின் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். மாப்பிள்ளை எந்தத் தோட்டம் என்று சும்மா கேட்டேன்.

"வெளியாளு இல்லீங்க ஐயா. என் கூடப்பொறந்த தம்பிதான். தாய்மாமன் இருக்கையில வேற எங்கீங்க குடுக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் மச்சான் மச்சாளைக் கட்டுவது உண்டு. அம்மாவின் தம்பி மட்டும் தகப்பனுக்குச் சமம். அவரைக் கட்டுவதென்று வாயால் சொல்லவே கூசும். அந்தப் பெண்ணோ வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்! எங்கள் ஜெபப் புத்தகத்தின் கடைசியில், யார் யாரை மணக்கக்கூடாது என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் சகோதரியின் மகள் தெளிவாக இருக்கிறாள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

உபதேசியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் தெரிந்தே மறைத்துவிட்டார் என்ற கோபத்தில் கேட்கவில்லை. ஞாயிறன்று அறிவிப்பு வர வேண்டிய இடத்தில் அட்டவணையை வாசித்தேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அக்காள் மகளைக் கட்டுகிறவன் கட்டுவது கலியாணமே அல்ல, அப்படி வாழ்வது பாவம் என்று பரீட்சையில் எழுதியதை எல்லாம் கொட்டினேன்.

சாமுவேலையும் செல்வமணியையும் யாரும் பார்க்கவில்லை. கோயில் முழுவதும் முன் வாங்கில் உட்கார்ந்திருந்த சலோமி அம்மாவைப் பார்த்தது. செல்வமணியின் அம்மா எழுந்தார்.

"உபதேசியாரும் அக்கா மகளத்தானேங்க கட்டியிருக்காரு? வெள்ளக்காரப் பாதிரியாருதானே கட்டி வச்சாரு?"

அந்த வீட்டில் மூன்று வாரம் சாப்பிட்டிருக்கிறேன். சலோமி அம்மா யாருடைய மகள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. உபதேசியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆராதனையை எப்படி முடித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

மறுநாள் காலையே பெட்டியைக் கட்டினேன். சலோமி அம்மா வாசலில் வந்து நின்றார்.

"நான் இவரோட இத்தன வருஷம் இருந்தது பாவமாங்க ஐயா?"

"ஓம் அம்மா. சட்டப்படி பாவம்தான்" என்றேன். பயத்தில் எனக்குப் புத்தகம் மட்டும்தான் வாயில் வந்தது.

நகரத்தில் குருவானவரிடம் ஓடினேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அவர்கள் சொல்வதில்லை, நாங்கள் கேட்பதில்லை" என்றார். அது சரியா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாமுவேலும் செல்வமணியும் அடுத்த மாதம் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்களாம். என் பயிற்சி அறிக்கைக்குக் கல்லூரியில் நல்ல புள்ளி கிடைத்தது. எனக்கு வெட்கக்கேடாக இருந்தது.

1965இல், குருவாகி ஒரு வருடத்தில், அதே ரயில், அதே பேருந்தில் திரும்பப் போனேன். ஒரு சனிக்கிழமை பகல். சலோமி அம்மா மட்டும்தான் வீட்டில் இருந்தார். நான் அன்று சொன்னது பிழை, உங்கள் மேல் பாவம் இல்லை என்று நின்ற நிலையிலேயே சொன்னேன்.

"நீங்க போன அன்னையிலருந்து அவரு பள்ளிக்கூடத்துலதாங்க படுக்கிறாரு" என்றார். "சோறு மட்டும் கொண்டுபோயிக் குடுப்பேன்."

நான்கு வருடம்! ஒரு மாணவனின் வாயை நம்பி ஒரு மனிதர் தன் வீட்டைவிட்டே போயிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மூலையில் பாய் சுருட்டி வைத்திருந்தது. நான் சொன்னதை எல்லாம் உபதேசியார் பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்னு கோயில்ல எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க. இல்லேன்னு சொல்றதுக்கு மட்டும் தனியா வந்திருக்கீங்களே ஐயா. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே? கோயில்ல சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

கோயிலில் சொன்னால் திருச்சபைச் சட்டத்தை மறுக்கிறேன் என்று ஆயருக்குப் புகார் போகும். குருப்பட்டம் கிடைத்து ஒரு வருடம்தான். என் சபையில் காலை ஆராதனை இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மையும்தான்.

இப்போது பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன, பாதையும் நல்லது என்கிறார்கள். கம்பளிச் சட்டையும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் சாப்பிட்டாலும் யார் யாருக்கு என்ன உறவு என்று முதலில் கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை போனால் ஞாயிறும் தங்குங்கள். நான் அன்று மூன்று மணிப் பேருந்தைப் பிடித்துவிட்டேன்.