சுமாலி கயிறேறிய நாள்

புக்கெட் தீவில் கத்தா கடற்கரைக்கு வரும் விருந்தாளிகளைப் பாராசூட்டில் கட்டிவிடுவது சுமாலியின் வேலை. வெட்கக்காரி. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், வாரையும் கொக்கியையும்தான் பார்ப்பாள்.

படகு இழுக்க, பாராசூட் எழும்பும் நொடியில் பின்னாலிருந்து ஓடித் தாவி, விருந்தாளியின் தலைக்கு மேலே கயிறுகளுக்கு நடுவில் வெறுங்காலோடு உட்கார்ந்து போகிறவன் அவள் கணவன் பிரசோங். அவனுக்கு வாரும் கிடையாது, கொக்கியும் கிடையாது. போன ஆளை மறுபடி மணலில் கொண்டுவந்து இறக்குவது அவன் கைகள்தான். அந்தக் கைகள் எப்போது எந்தக் கயிற்றை இழுக்கும் என்று சுமாலிக்கு மனப்பாடம். யாரும் பார்க்காதபோது துணி காயப்போடும் கொடியைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் பிரசோங்குக்குத் தொப்பை விழுந்தது. ஒருநாள் காற்று மந்தமாக இருந்த நேரத்தில் மலை மாதிரி ஒரு ரஷ்யர் வந்து சேர்ந்தார். படகு இழுத்தது. இருவரும் தென்னை உயரம்கூடப் போகாமல் கடலில் உட்கார்ந்தார்கள். ரஷ்யர் கைதட்டிச் சிரித்து, இன்னொரு தரம் என்று விரல் காட்டினார்.

படகுக்காரர் தாவோர்னுக்குச் சிரிப்பு வரவில்லை. "டேய், உன் தொப்பைக்கே தனியா ஒரு பாராசூட் வேணும்டா. நாளைக்கு கிராபியிலேருந்து என் மச்சான வரச்சொல்றேன். நீ கரையில நின்னு விசில் ஊது."

சுமாலி கையிலிருந்த வாரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நான் ஏறுறேன்."

"யாரு, இந்தப் பூனையா?" என்று பக்கத்தில் பாய் விரித்து விற்றுக்கொண்டிருந்த மாம்பழக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் பிரசோங். "ஏணியில ஏறி பல்பு மாட்டக்கூட என்னயத்தான கூப்பிடுவ!"

"நீ ஏணியப் பிடிக்கிற லட்சணத்துக்கு நான் ஏறுவேனா?"

தாவோர்ன் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஈர்க்குச்சி உடம்பு. "சரி, ஒரே ஒரு வாட்டி. மணல்ல எறக்கிட்டா கயிறு உன்னோடது. தண்ணியில போட்டா மச்சான் வர்றான்."

ரஷ்யரை மறுபடி வாரில் கட்டினாள். படகு உறுமியது. ஓடினாள், தாவினாள். கால் மணலை விட்டது. கீழே குடைகளெல்லாம் சட்டைப் பொத்தான்களாகச் சுருங்கின. அலற வாய் திறந்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நிறுத்த முடியவில்லை. கீழே தொங்கிய ரஷ்யரும் சிரித்தார். எதற்கென்று இருவருக்கும் தெரியாது.

திரும்பும்போது காற்று சட்டென்று ஓய்ந்தது. பாராசூட் கடல் பக்கமே சாய்ந்தது. இக்கட்டு வந்தால் இந்தக் கரை ஆட்கள் படகின் மூக்கில் குடியிருக்கும் மே யா நாங் அம்மனுக்கு அவித்த முட்டை நேர்ந்துகொள்வார்கள். சுமாலிக்கு அந்த அவசரத்தில் முட்டை ஞாபகம் வரவில்லை.

"தாயே, மணல்ல எறக்கிவிடு, உன் முன்னால ஆடுறேன்!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கரை முழுவதும் அது கேட்டிருந்தது. உறைத்த வேகத்தில் வலது கயிற்றில் மொத்த உடம்பையும் போட்டுத் தொங்கினாள். பாராசூட் முனகிக்கொண்டு திரும்பியது. ரஷ்யர் மாம்பழக்காரியின் பாய் ஓரத்தில் பின்புறம் பதிய இறங்கினார். பாதம் நனையவில்லை.

"ஆடுடி!" என்றாள் மாம்பழக்காரி. அம்மன் பொறுத்துக்கொண்டாலும் இவள் விடமாட்டாள்.

கரை சேர்ந்த படகின் மூக்கில் கட்டியிருந்த வண்ணத் துணிகளுக்கு முன்னால் சுமாலி நின்றாள். முதலில் விரல்கள் மட்டும் வளைந்தன. பிரசோங் ஐஸ்பெட்டியில் தாளம் போட்டான். பிறகு இடுப்பும் சேர்ந்தது. ரஷ்யர் பக்கத்தில் வந்து கரடி மாதிரி குதித்தார். வேடிக்கை பார்த்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், பறந்தால் இப்படி ஆடித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டார்கள்.

"கட்டாயம்னு சொல்லு," என்று பிரசோங்கைப் பார்த்துச் சிரித்தார் தாவோர்ன். "சுமாலி, போதும். ஆளு நிக்குது, ஓடி வா!"

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு வாரை இறுக்கிக்கொண்டிருந்தவன் பிரசோங். கொக்கியைத் தலைகீழாக மாட்டியிருந்தான். சுமாலி அவன் கையைத் தட்டிவிட்டுச் சரியாக மாட்டினாள். பிறகு மூச்சு வாங்க, இன்னும் சிரித்துக்கொண்டே, கயிறுகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.