புகைக்குழாய்க்கு ஒரு வக்காலத்து

லண்டனில், கிங்ஸ்பரியில் நாங்கள் குடியிருந்த அந்த ஆண்டுகளில், சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று எனக்கும் என் கணவருக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. மற்ற நாட்களில் நான் சமைப்பேன். இல்லாவிட்டால் அவர் சமைக்க, நான் பக்கத்தில் நின்று குறை சொல்வேன். நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவள். மருந்தியல் படிக்க லண்டனுக்கு வந்து, படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டேன். அவர் யாழ்ப்பாணம். அகதியாக வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலக வாசலில் விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்று, இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்துக் கணக்காளர் ஆனவர். இரண்டு பேரும் தமிழர், பொருத்தம் பிரமாதம் என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரும் எங்கள் சமையலறைக்குள் வந்து பார்க்கவில்லை.

அவருக்குச் சொதி இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. என்னைக் கேட்டால், குழம்பாவதா வேண்டாமா என்று கடைசிவரை முடிவெடுக்காத தேங்காய்ப்பாலுக்குப் பெயர்தான் சொதி. நான் சம்பல் செய்வதற்காகப் பெலாச்சானை வறுப்பேன். கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்த கட்டி அது. வறுபடும்போது தெருமுனை வரைக்கும் மணக்கும். அவர் அதை மணம் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, ஜனவரி மாதமானாலும் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் போய் நிற்பார்.

உணவகங்களைப் பற்றியும் எனக்குத் திடமான கருத்துகள் உண்டு. தோசையும் நூடுல்ஸும் பீட்சாவும் ஒரே மெனு அட்டையில் இருந்தால், அங்கே மூன்றுமே சரியிராது. தண்ணீர் கேட்டதும் போத்தல் தண்ணீரா என்று திருப்பிக் கேட்கிற இடத்தில் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றமாட்டார்கள். வெம்பிளியில் வாழை இலை போடுகிற கடைகளில் இலைக்குத்தான் விலை. இவற்றை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டதில்லை. கடைக்காரரிடமே சொல்லிவிடுவேன்.

அப்படியிருந்தும் சனிக்கிழமைதோறும் நாங்கள் போனது பெரிய வீதியிலிருந்த ஒரு சின்னக் கடைக்கு. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் வடையும் ரோல்ஸும் அடுக்கியிருக்கும். ஐந்தாறு மேசைகள். உள்ளே இரும்புத் தட்டில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிட மூத்தவர், பல வருடம் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் கடை போட்டவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. அவருடைய கொத்துரொட்டிக்கு நிகராக நான் லண்டனில் எங்கும் சாப்பிட்டதில்லை. அவருடைய சாம்பாரோ பருப்புக் கழுவிய தண்ணீர். முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம் தங்கச்சி, அது இந்தியன் ஆக்களுக்கு வைக்கிறது" என்றார். இந்தியர்களும் அதைத் தொடாததைத்தான் நான் பார்த்தேன்.

அந்தக் கடையில் அரசியல் நன்றாக வேகும். இலங்கையில் நடந்துகொண்டிருந்த சண்டையைப் பற்றி மட்டும் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அது ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் இருந்தது. அதனால் ஈராக்கைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள். போருக்குப் படை அனுப்பிய ஆளும் கட்சிக்கு இனிமேல் ஆயுளுக்கும் வாக்கில்லை என்று என் கணவர் மேசையைத் தட்டிச் சொல்வார். நான் குப்பைத் தொட்டியை வைத்துக் கட்சியை மதிப்பிடுகிறவள். வாரம் தவறாமல் குப்பை எடுக்கிறார்களா, தெருவிளக்கு எரிகிறதா, அது போதும். "உமக்கு அரசியல் எண்டா குப்பை" என்பார் அவர். ஆமாம், அதிலென்ன வெட்கம்?

வெம்பிளி மைதானத்தின் புது வளைவு ஊருக்கு மேலே நின்றுகொண்டு, மைதானம் மட்டும் கட்டி முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு சனிக்கிழமை அண்ணை கொத்துரொட்டியை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து எங்களோடு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"கவுன்சிலால பிரச்சினை" என்றார்.

விஷயம் இதுதான். போன வருடம் கடையின் பின்சுவரில் புதிதாகப் புகைக்குழாய் ஒன்று போட்டிருந்தார். அனுமதி தேவையில்லை என்று குழாய் போட்டவன் சொல்லியிருக்கிறான். தேவையாம். இப்போது பின்வீட்டுக்காரர் ஒருவர் புகார் செய்ய, அண்ணை தாமதமாக விண்ணப்பித்திருந்தார். கவுன்சில் கட்டட அனுமதிக் குழு கூடி முடிவு சொல்லும். மறுத்தால் குழாயைக் கழற்ற வேண்டும். குழாய் இல்லாமல் சமைக்க முடியாது. சமைக்காமல் கடை இல்லை. கூட்டத்தில் ஆதரித்து ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம்.

"என்ர இங்கிலிஷ் கடைக்குக் காணும். கவுன்சிலுக்குக் காணாது. அதுதான்…"

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கவலைப்படாதேங்கோ அண்ணை, நான் கதைக்கிறன்."

அண்ணைக்குச் சங்கடமாகப் போயிற்று. "இல்லைத் தம்பி, நான் தங்கச்சியைத்தான் கேக்க வந்தனான். நீங்கள் மூண்டு நிமிசத்துக்குள்ள ஈராக்கைத் தாண்ட மாட்டியள். தங்கச்சி என்ர சாம்பாரை முகத்துக்கு நேர பிழை சொன்னவ. அவ நல்லது சொன்னா நம்புவினம்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவருக்கு ரோசம் வந்துவிட்டது. ஆனால் மனசு கேட்காமல், குடியேறியவர்களின் உரிமை பற்றி எனக்கு ஒரு பேச்சுத் தயாரித்துக் கொடுத்தார். அது வெள்ளைக்காரன் இலங்கையைப் பிடித்த கதையிலிருந்து தொடங்கியது. நான் தேங்காய் துருவிக்கொண்டே அதைச் சொல்லிப் பார்த்தேன். முழுத் தேங்காயும் முடிந்த பிறகும் பேச்சு அண்ணையின் கடைக்கு வந்து சேரவில்லை.

பேசுவதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் வேலை முடிந்து கடையின் பின்சந்துக்குப் போனேன். குழாய் புத்தம் புதிதாகப் பளபளத்தது. சுவரில் ஏறி, கூரைக்குக் கீழேயே வளைந்து நின்றுவிட்டது. அதன் வாய்க்கு நேர் எதிரே ஒரு வீட்டுத் தோட்டம். அங்கே ஒரு கொடியில் வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன. அந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மனைவியின் இரத்த அழுத்த மாத்திரைக்காக நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு மாதந்தோறும் வருகிற குஜராத்திப் பெரியவர். எப்போதும் டை கட்டியிருப்பார். ஒவ்வொரு தடவையும் என்னை நலம் விசாரிக்காமல் போகமாட்டார்.

வீட்டுக்கு வந்து, "நான் போய் அவரோட பேசிப் பார்க்கிறேன்" என்றேன்.

"எதிர்த்தரப்போட முன்கூட்டிக் கதைக்கப்படாது" என்றார் கணவர், நாடாளுமன்றத்தையே நடத்துகிறவர்போல.

நான் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பேச்சு என் வாயில் சரியாக உட்காரவில்லை.

கூட்டம் ஒரு புதன்கிழமை மாலை, நகரமண்டபத்தில். அண்ணை கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய கார் கொட்டகையைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. பிறகு எங்கள் கடையின் முறை. முதலில் எதிர்ப்பவர் பேச வேண்டும். பெரியவர் எழுந்து, டையைச் சரிசெய்துகொண்டு, நிதானமான ஆங்கிலத்தில் பேசினார்.

"ஐயா, அம்மா, நான் பிறவியிலிருந்து சைவம். என் மனைவியும் சைவம். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. ஆனால் என் சட்டை மட்டும் தினமும் மீன் சாப்பிட்டுவிட்டு வருகிறது."

முதலில் சிரித்தது அண்ணைதான். பிறகு மண்டபம் முழுவதும் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. கடையை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, துணியைக் காயவைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கணவர் எழுதியது கைப்பையிலேயே இருந்தது. எழுந்து நின்றதும் அதை எடுக்கத் தோன்றவில்லை. "பெரியவர் சொன்னது உண்மை" என்று தொடங்கினேன். பின்னால் கணவர் இருமுவது கேட்டது. நான் பின்சந்துக்குப் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி, வாசனையை உறிஞ்சுகிற கரி வடிகட்டி போட்டால் அவர் சட்டை பிழைக்கும், கடையும் பிழைக்கும் என்றேன். இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்கும், தனி அறையில் வாழ்கிற மாணவர்களுக்கும் சூடான சோறு கிடைக்கிற இடம் அது என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகியிருக்காது.

குழுவிலிருந்த ஒரு பெண் உறுப்பினர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்கள் அங்கே அடிக்கடி சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"சாப்பாடு நன்றாக இருக்குமா?"

பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை. "கொத்துரொட்டி மிக நன்றாக இருக்கும். சாம்பாரை நான் சிபாரிசு செய்யமாட்டேன்" என்றேன்.

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணையின் பக்கம் திரும்பி, குழாயை உயர்த்தச் சம்மதமா என்று கேட்டார். அண்ணை எழுந்து நின்று, "யெஸ், வெரி ஹை" என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்.

வெளியே மழை. பெரியவர் பஸ் தரிப்பில் தனியாக நின்றார். என் கணவர்தான் காரை நிறுத்தி அவரை ஏறச் சொன்னார். அண்ணையும் எங்களோடு வந்தார். வீடு வந்ததும் பெரியவர் எங்களை விடவில்லை. அவர் மனைவி, நாங்கள் யார் என்றுகூடக் கேட்காமல் டோக்லா என்ற கடலைமாவுப் பலகாரமும், கடி என்று அவர்கள் சொல்கிற சூடான தயிர்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கடி, நம்முடைய மோர்க்குழம்பு கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனதுபோல இருந்தது. குழம்பில் இனிப்புக் கூடாது என்பது அதுவரை என் உறுதியான கொள்கை. அன்று இரண்டு கிண்ணம் குடித்தேன்.

சாப்பிடும்போது பெரியவர் மெதுவாகச் சொன்னார். ஆப்பிரிக்காவில், கம்பாலாவில் அவருக்குத் துணிக்கடை இருந்ததாம். அந்த நாட்டு அரசு ஆசியர்களைத் துரத்தியபோது ஒரு பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து, ஒரு வெள்ளைக்காரியின் மாடியறையில் குடியிருந்திருக்கிறார்கள். பெருங்காய வாசனை வருகிறது என்று அந்த அம்மாள் கத்த, ஒரு குளிர்காலம் முழுவதும் உருளைக்கிழங்கை அவித்தே தின்றார்களாம்.

"அதனால்தான் முதலில் புகார் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உங்கள் கடைக்கு வந்தேன். உள்ளே நுழைந்ததும், என்ன வேண்டும் ஐயா என்று அவ்வளவு அன்பாகக் கேட்டார்கள். என்ன சொல்வது? வடை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வேறு வழியில்லாமல்தான் கவுன்சிலுக்கு எழுதினேன்."

நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. "கடவுளே, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். பிறகு பெரியவரின் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கூட்டி மன்னிப்புக் கேட்டார். பெரியவரின் மனைவி அண்ணையின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கடியை ஊற்றினார்.

சில வாரங்களில் குழாய் கூரைக்கு மேலே ஏறியது. மாத்திரை வாங்க வந்தபோது பெரியவர், இப்போது மழைக் காற்று அடித்தால் மட்டும் லேசாகத் தெரிகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த மே மாதம் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர்கள், அதனால் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்த எனக்கும் உண்டு. வாக்களிக்க இருபத்தொரு வயது ஆக வேண்டிய நாட்டை விட்டுப் பத்தொன்பது வயதில் வந்ததால் அங்கே ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. இங்கே வாக்குச்சாவடிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் நல்ல சேலைதான் உடுத்துவேன். என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாள் எங்கள் வட்டாரத்திலேயே போட்டியிட்டார், ஆளும் கட்சி சார்பில். நான் அவருக்குப் போட்டேன் என்று வெளியே வந்ததும் சொன்னேன்.

கணவர் நடையை நிறுத்திவிட்டார். "போருக்கு வாக்குப் போட்டனீர்."

"இல்ல, குழாய்க்குப் போட்டேன்."

"எல்லாம் ஒரே கட்சிதான்."

"பாக்தாத்துக்குப் படை அனுப்பினது அந்தம்மாவா? அவங்க கார் கொட்டகைக்கு அனுமதி குடுக்கிறவங்க."

வீடு வரைக்கும் வாதம் நடந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று இரவு மீன்குழம்பு எனக்கே கொஞ்சம் காரமாகத்தான் வந்தது. அவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

அந்த அம்மாள் தோற்றுப்போனார். சனிக்கிழமை கடையில் அண்ணைதான் செய்தியைச் சொன்னார். "நல்ல மனிசி. கொஞ்ச வாக்கிலதான் தோத்தவ" என்றார். கணவர் தட்டிலிருந்த வெங்காயத்தை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். அவர் வெங்காயத்தை ஒதுக்குகிறவர் அல்ல.

"மூண்டு வாக்கு இருந்ததுதானே" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "ரெண்டை மற்றக் கட்சி ஆக்களுக்குப் போட்டனான். ஒண்டை அவவுக்குப் போட்டனான்."

"பின்ன ஏன் அன்னைக்கு வீடுவரைக்கும் சண்டை போட்டீங்க?"

"கொள்கையை விட ஏலாதுதானே" என்றார்.

அண்ணை உள்ளே போய் இன்னொரு தட்டுக் கொத்துரொட்டி கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.