இரைச்சல்னு நான் குறிச்ச இடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில. அன்னிக்கு அது ஒரு ஆளைக் கொன்னிருக்கும்.

என் வேலை, தரைக்கடியில இருக்கறதைத் தோண்டாமலே படம் எடுக்கறது. ரேடார் பெட்டியைத் தெருவுக்குக் குறுக்க தள்ளிட்டுப் போவோம். அலை மண்ணுக்குள்ள போய்க் குழாய், கம்பி எதுல பட்டாலும் எதிரொலி திரும்பும். கூடவே கல்லும் மண்ணும் கிளப்பற இரைச்சலும் வரும். ரெண்டையும் பிரிச்சுப் படமாக்கறது கம்ப்யூட்டர் கணக்கோட வேலை. அதுக்கு முதல்ல, ஒண்ணுமே புதைக்காத ஒரு துண்டு இடத்தைக் குறிச்சு, "இந்த அளவு வந்தா இரைச்சல், தள்ளிடு"ன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். எங்க ஆபீஸ்ல அந்தத் துண்டை ரெண்டு பேர் தனித்தனியாக் குறிப்போம். ஒத்துப்போனாத்தான் படம் வெளிய போகும்.

புனேல கோந்த்வாங்கற ஏரியாவுல ஒரு சந்துல சாக்கடைக்குத் தோண்டணும். சைட் சூப்பர்வைசர் புனேலயே பொறந்து வளர்ந்த தமிழர். காலையிலேர்ந்து போன் மேல போன். "மேடம், படம் ஜாலா கா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சா அனுப்ப மாட்டேனா? நச்சரிக்காதீங்க!"

பக்கத்து சீட்டுக்காரி, "இருடி, நானும் ஒருக்கா குறிச்சுப் பாக்கறேன்"னா.

"பத்து வருஷமா இதைத்தானே பண்றேன், எனக்கே பாடமா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். சந்து முனையில சுத்தமாத் தெரிஞ்ச இடத்தைக் குறிச்சேன். படம் பளிச்சுனு வந்துது. ரெண்டு தண்ணிக் குழாய், ஒரு கேபிள், மிச்சமெல்லாம் காலி. அவளைக் குறிக்க விடாமலே அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில வீட்டுல ரிப்போர்ட் எழுத உக்காந்தேன். கணக்கு போட்ட இரைச்சல் அளவு கண்ணுல பட்டுது. மே மாசத்துக் காஞ்ச மண்ணுல இவ்வளவு இரைச்சலா? குறிச்ச இடத்தோட மூலப் பதிவைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினேன். கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி மங்கலா ஒரு வளைவு. குழாய்க்குத்தான் அப்படி வரும். இவ்வளவு மங்கலா வந்தா பிளாஸ்டிக். வீடுகளுக்கு கேஸ் போறது பிளாஸ்டிக் குழாயிலதான். ஐயையோ! கேஸ் குழாயையே காட்டி, இதுதான் இரைச்சல்னு சொல்லிக் குடுத்திருக்கேன். கணக்கும் சொன்ன பேச்சைக் கேட்டு, சந்து முழுக்க அதைத் துடைச்சுப் போட்டிருக்கு.

மணி ஒன்பதேமுக்கால். பத்துக்கு ஜேசிபி. சூப்பர்வைசர் போனை எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுக்கல. என் வீடும் கோந்த்வாதான், நல்லவேளை. ஸ்கூட்டியைக் கிளப்பினேன். சிக்னல்ல ஒரு டெம்போ குறுக்க நின்னுது. "நகரு பாபா!"ன்னு கத்தினேன், தமிழ்லயே.

நான் போறதுக்குள்ள ஜேசிபி முழங்கால் ஆழம் தோண்டிடுச்சு. ஓடிப்போய்க் குழிக்கு முன்னால நின்னுட்டேன்.

"காய் ஜாலா மேடம், என்னாச்சு? பர்மிஷன் எல்லாம் இருக்கு."

"முதல்ல மெஷினை அணைங்க, அப்புறம் பேசலாம்!"

கடப்பாரை வேணாம், மண்வெட்டியால மெல்லச் சுரண்டுங்கன்னேன். ஜேசிபி பல்லு பதிஞ்ச இடத்துலேர்ந்து ஒரு சாண் கீழ, மஞ்சள் குழாய்.

டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பாத்தார். வாயில புகைஞ்சுட்டிருந்த பீடியை எடுத்துத் தூரமாப் போய் மிதிச்சுட்டு வந்தார். கேபின்ல என் படத்தை பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சிருந்தார் போல, அதைக் கொண்டுவந்து காட்டினார். "இதுல இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்? இதைப் பாத்துத்தான் பயமில்லாமத் தோண்டினேன்"னார் ஹிந்தியில.

பிரிண்டைக் கையில வாங்கினேன். அவரே எனக்கு ஒரு வழி விட்டார். "ரேடார் கண்ணுக்குத் தெரியலையாக்கும்."

"தெரிஞ்சுது"ன்னேன். "நான்தான் அழிச்சேன்."